அது காலி மணல் இல்லை

கடற்கரை மேலாண்மை படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று எங்கள் வீட்டில் சிரிக்காதவர் யாருமில்லை. திண்டிவனத்துக்கும் பெருமுக்கலுக்கும் நடுவில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஊரில் ஏரி உண்டு. அதில் தண்ணீர் இருந்தால் கெளுத்தி உண்டு. அதற்கு மேல் நீர்வாழ் உயிரினம் என்றால் தவளைதான்.

"கடலுக்கும் நமக்கும் இன்னாடி சம்மந்தம்? வருசத்துக்கு ஒருக்கா சாமியக் குளிப்பாட்டப் போறோம், அதோட சரி" என்றார் அத்தை. அப்பா டிராக்டர் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்பது அவர் தோளில் தெரிந்தது. ஊர் என் படிப்புக்கு 'மீன் படிப்பு' என்று பெயர் வைத்தது. பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் இன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு ஒரு குணம். பத்துப் பேர் சிரித்தால் அந்தக் காரியத்தைச் செய்தே தீருவேன். கடலோர நகரம் ஒன்றில் இருந்த பல்கலைக்கழகத்தில் முதுகலையில் சேர்ந்தேன்.

வகுப்பில் எல்லோருக்கும் ஆமை என்றால் உயிர், பவளப்பாறை என்றால் கண்ணில் தண்ணீர். எனக்கு வரைபடம்தான் பிடித்தது. அரை முழ வரப்புக்காகக் கோர்ட்டு வரை போன வம்சத்தில் பிறந்தவளுக்கு வேறு எது பிடிக்கும்? யார் இடம் எங்கே முடிகிறது, யார் இடம் எங்கே தொடங்குகிறது என்பதை நாங்கள் பால்குடி வயதிலேயே கற்றுக்கொள்கிறோம்.

கடைசி ஆண்டில் எனக்குக் கிடைத்த வேலையும் வரைபடம்தான். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு நீளக் கடற்கரைக்குத் திட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. நடைபாதை, பூங்கா, சுற்றுலா வருகிறவர்களுக்குக் கடைகள். திட்டத்தை வரைவது ஒரு தனியார் நிறுவனம். அதற்கான நில வரைபடத்தைப் போட்டுத் தரும் பொறுப்பை என் வழிகாட்டிப் பேராசிரியர் ஏற்றிருந்தார். ட்ரோன் எடுத்த படங்களைக் கணினியில் விரித்து, வீடுகளுக்கு ஒரு நிறம், சவுக்குத் தோப்புக்கு ஒரு நிறம், உப்பளத்துக்கு ஒரு நிறம் என்று பூச வேண்டும். எதுவும் இல்லாத இடத்துக்கு 'காலி மணல்' என்று பெயர், மஞ்சள் நிறம். மஞ்சள் எங்கே விழுகிறதோ அங்கேதான் பூங்காவும் கடையும் வரும். ஒரு மீனவக் குப்பத்தின் கரை என் பங்குக்கு வந்தது. நிறம் பூசி, நேரில் போய்ச் சரிபார்த்து, அதையே ஆய்வேடாக எழுதிக் கொடுத்தால் பட்டம்.

படத்தில் அந்தக் கரை துடைத்து வைத்த தாம்பாளம் போல இருந்தது. ஒரு படகு இல்லை, ஒரு வலை இல்லை. வீடுகள் இருந்தன, கடல் இருந்தது, நடுவில் வெறும் மணல். மஞ்சள் பூச அரை நாள்கூட ஆகவில்லை.

சரிபார்க்கக் கிளம்பினேன். அந்தக் குப்பத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர், எங்கள் தெருவுக்கு வருஷக்கணக்காக மீன் கொண்டுவருகிற அக்கா. மீன் விற்றுத் தீர்ந்த கூடையோடு அவர் திரும்புகிற பஸ்ஸில் நானும் ஏறிக்கொண்டேன்.

"நீயா எங்க ஊருக்கு வர்ற? இன்னா கண்ணு, மீனு வாங்கவா?"

"கடற்கரையப் பாக்கணும்க்கா. படிப்புக்கு."

"பாரு, பாரு. நாங்க இன்னா டிக்கெட்டா போட்டு வச்சிக்கிறோம்?"

இறங்கி நடந்து கரைக்கு வந்தால் எனக்குக் கால் வைக்க இடமில்லை. ஃபைபர் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மணலில் ஏறிக் கிடந்தன. இந்தப் பக்கம் நாலைந்து பேர் வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் நெத்திலி காய்ந்தது. அதைத் தாண்டிப் பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் விட்ட வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் இரண்டு கூட்டம் பிடித்திருந்தது. தூரத் தூர நின்று இழுக்கத் தொடங்கியவர்கள், வலை கரைக்கு வர வர ஒருவரை ஒருவர் நோக்கி நகர்ந்து வந்தார்கள். அவர்களுக்கு நடுவே இருந்த வெற்று மணலில் ஒரு குழந்தையைக்கூட ஓட விடவில்லை. அந்த வெற்றிடமே அவர்களுக்கு வேலை செய்யும் இடம்.

என் கையில் இருந்த படத்தில் இதெல்லாமே மஞ்சள்.

"அக்கா, இந்த இடம் காலியா எப்ப இருக்கும்?"

"காலியாவா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "மாசி மகத்துக்குத்தான் காலியா இருக்கும். ஒங்க ஊரு சாமிங்கல்லாம் வருது இல்ல? மொத நாளே போட்டுங்கள எல்லாம் பக்கத்துக் குப்பத்துல கொண்டுபோய் ஏத்திடுவோம். வலைய சுருட்டி உள்ள வச்சிடுவோம். பொம்பளைங்க பெருக்கிக் குடுத்துடுவோம். சாமி வர்ற எடத்துல மீன் செதிலு கெடந்தா நல்லாவா இருக்கும்?"

படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன். மணலில் வரி வரியாக இருந்ததை அலை விட்ட தடம் என்று நினைத்திருந்தேன். அது துடைப்பத் தடம். ஓரத்தில் நாலு மூங்கில் கம்பம் நட்டு, பாதி கட்டிய பந்தல் தெரிந்தது. அந்தப் பந்தலை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பெருமாளை இறக்கி வைக்கிற பந்தல் அது. சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் அப்பாவின் டிராக்டரில் உட்கார்ந்து இங்கே வந்திருக்கிறேன். படகும் வலையுமாகப் பார்த்ததே இல்லை என்பதால் அடையாளம் தெரியவில்லை. கடற்கரை என்றாலே இப்படித்தான் சுத்தமாக, அகலமாக இருக்கும் என்று நம்பித்தான் வளர்ந்திருக்கிறேன்.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. திருவிழாக் கூட்டத்தைப் படம் எடுக்க ட்ரோன் வந்திருக்கிறது. வந்ததுதான் வந்தது, இன்னொரு நடை எதற்கு என்று, முதல் நாளே திட்டத்துக்கும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். எங்களுக்காக அந்த மக்கள் ஒதுங்கிக் கொடுத்த இடம், அவர்களுக்கு அங்கே எதுவுமே இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் திரும்பி வரும்போது பெருமுக்கல் மலை கடந்ததுகூடக் கண்ணில் படவில்லை.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. களைத்தவர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"படம் பொய் சொல்லாதும்மா."

"படம் சொல்லலை சார். எடுத்த நாள் பொய் சொல்லுது."

"சரி, மஞ்சள் வேண்டாம்னா வேற எதுல போடுவே? குடியிருப்பா? அங்க வீடு இல்ல. நமக்குக் குடுத்திருக்கிற வகையில ஒண்ணுலதான் போடணும்."

"களம்னு போடறேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் நகரத்தில் வளர்ந்தவர். அதனால் விளக்கினேன். எங்கள் ஊரில் பொதுக்களம் ஒன்று உண்டு. அறுப்பு முடிந்தால் அங்கேதான் மல்லாட்டை காயும், கேப்பை அடிபடும். மற்ற மாதங்களில் அதில் நாய் படுத்திருக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அதற்காக அதை யாரும் காலி இடம் என்று சொல்ல மாட்டார்கள். சாமி ஊர்வலம்கூட அந்த வழியாகத்தான் போகும். தானியம் காய்கிற நாளாக இருந்தால், தூக்குகிறவர்கள் சாமியோடு அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். மேலே மிதித்துப் போனதை நான் பார்த்ததே இல்லை.

"நல்லாதான் இருக்கு. ஆனா களம்னு ஒரு வகை கிடையாதும்மா. நான் கையெழுத்துப் போடலைன்னா உனக்கு ஒரு வருஷம் போயிடும். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். பொய்யில்லை, பயமாகவும் இருந்தது. ஊரில் சிரித்தவர்களின் முகங்கள் வரிசையாக வந்து போயின. பெயிலாகித் திரும்பினால் அத்தை ஒருத்தியே போதும், என்னைக் கருவாடாக்கிவிடுவார். ஆனால் தெரிந்தே மஞ்சள் பூசிப் பட்டம் வாங்கி, பிறகு எந்த முகத்தோடு அந்த அக்காவிடம் மீன் வாங்குவது?

திட்டத்தைக் காட்டும் கூட்டம் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. திண்டிவனத்தில் ரயிலேறிப் போனேன். மேடையில் பேசுவது பேராசிரியரும் நிறுவனத்தின் மேலாளரும். கணினி முன் உட்கார்ந்து ஸ்லைடு மாற்றுவது நான். "நீ பேச வேணாம், தலையாட்டினா மாத்து, போதும்" என்று சொல்லியிருந்தார் பேராசிரியர்.

மஞ்சள் கரை வந்தது. மேலாளர் அங்கே வரப்போகிற பூங்காவைப் பற்றி உருகிப் பேசினார். பேராசிரியர் தலையாட்டினார். நான் மாற்றவில்லை. மறுபடியும் ஆட்டினார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். மண்டபம் முழுக்க அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னம்மா, மிஷின் மாட்டிக்கிச்சா என்று யாரோ கேட்டார்கள்.

எழுந்து நின்றேன். "இது மாசி மகத்துக்கு முந்தின நாள் எடுத்த படம். எங்க ஊரு சாமிக்காகக் காலி பண்ணிக் குடுத்த கரை. மத்த நாள்ல இங்க நிக்க எடம் கிடையாது" என்றேன். கடைசி வரிசை வரை கேட்டிருக்கும்.

மேலாளர் கோபப்படவே இல்லை, புன்னகைத்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"ரொம்ப நல்ல பாயிண்ட். அப்ப, அவங்க நினைச்சா காலி பண்ண முடியும்னுதானேம்மா அர்த்தம்? ஒரு நாள் எடுக்க முடிஞ்ச போட்டை நிரந்தரமா வேற எடத்துல வைக்க முடியாதா?" பிறகு மண்டபத்தைப் பார்த்து, "சந்தேகம் வேண்டாம். இன்னொரு தடவை படம் எடுத்துடலாம். மாசி மகத்துக்கு எப்படியும் ட்ரோன் வருது" என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். அதே நாள், அதே துடைப்பம், அதே மஞ்சள். நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

மறுநாள் அக்காவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"எடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குவான்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். "இரு, இத நான் ஊர்ல சொல்றேன்."

அந்தக் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. சாமிக்கு இடம் தர மாட்டோம் என்று சொல்வது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. சாமி குத்தம் ஆகிவிடும் என்று பெரியவர்கள் பயந்தார்களாம். அக்கா கூட்டத்தின் பின்னாலிருந்து கத்தினாராம்: "சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். கடலம்மா கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்க?" கடைசியில் முடிவானது. சாமி வந்து போக ஒரு வழி விடுவார்கள். அதைத் தவிர ஒரு படகையும் நகர்த்த மாட்டார்கள்.

இனி என் வீடு. எங்கள் ஊர்ப் பெருமாளைக் கடலுக்குக் கொண்டுபோகும் பொறுப்பில் அப்பாவும் ஒருவர். செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"சாமிய சந்துல கொண்டு போவணுமா? ஒன் படிப்புக்காகவா? ஊர்ல எனக்கு எவ்ளோ பேஜாரு தெரியுமா? ஒம் பொண்ணு குப்பத்துக்காரங்களத் தூண்டி வுட்டுட்டான்னு கேக்கறாங்க."

"ஆமாம்ப்பா, நான்தான் சொன்னேன்."

மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

"நம்ம களத்தக் காலி மனைன்னு அளக்க வந்தாங்களே, அப்ப நீ இன்னா பண்ணினப்பா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. எங்கள் களத்தில் ஏதோ கட்டடம் கட்டலாம் என்று சிலர் அளக்க வந்த கதை ஊருக்கே தெரியும். அறுப்பு இல்லாத காலம், களம் வெறுமையாகக் கிடந்தது. வைக்கோல் போரைப் பிரித்து இரவோடு இரவாகக் களம் முழுக்கப் பரப்பி வைத்தவர் என் அப்பா. அளக்க வந்தவர்கள் வைக்கோலில் கால் வழுக்கித் திரும்பிப் போனார்கள். வருஷங்கள் கழித்தும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"அது வேற" என்றார்.

"எப்படிப்பா வேற?"

டிராக்டரைக் கழுவப் போய்விட்டார். மாசி மகம் வரை என்னிடம் பேசவில்லை. அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, அவர் சொல்ல வேண்டியதை என்னிடமும் நான் சொல்ல வேண்டியதை அவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாசி மகத்தன்று நான் டிராக்டரில் ஏறவில்லை. காலையிலேயே பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போய்விட்டேன். கரை நான் முதலில் பார்த்தது போலவே இருந்தது, ஒரே ஒரு வித்தியாசம். படகுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கடல்வரை ஒரு வழி விட்டு, அதைக் கண்ணாடி போலப் பெருக்கி, இரண்டு பக்கமும் கோலம் போட்டிருந்தார்கள். படகு மூக்கு ஒவ்வொன்றிலும் மஞ்சளும் குங்குமமும் வைத்து வேப்பிலை கட்டியிருந்தார்கள். மோர்ப்பானையோடு நின்றிருந்த அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

வெயில் ஏறும்போது மேளச் சத்தம் கேட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் டிராக்டரிலிருந்து பெருமாளை இறக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். படகுகளைப் பார்த்ததும் முன்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மேளமும் நின்றது. "இன்னாய்யா இது? சாமி வருதுன்னு தெரியாதா?" என்று ஒரு குரல் எழுந்தது. குப்பத்து ஆண்கள் தங்கள் தங்கள் படகின் மேல் கை வைத்தபடி நின்றார்கள். தலைக்கு மேல் ட்ரோன் வண்டு மாதிரி ரீங்கரித்தது. இங்கே ஒரு கல் பறந்தால் அது என் தலையில்தான் விடியும்.

அப்போது அந்த மேலாளர் தொப்பியோடு குறுக்கே வந்தார். சாமி தூக்குகிறவர்களில் முன் தோளில் நின்ற ஆளைப் பார்த்துத்தான் பேசினார். அது என் அப்பா என்று அவருக்குத் தெரியாது.

"ஐயா, நீங்க சொன்னா கேப்பாங்க. இந்தப் போட்டை எல்லாம் கொஞ்சம் ஜல்தியா எடுக்கச் சொல்லுங்க. சாமி படம் நல்லா விழும்."

அப்பா மேலே பார்த்தார். ட்ரோனைப் பார்த்தார். பிறகு கோலம் போட்ட வழியைப் பார்த்தார். என்னையும் பார்த்திருப்பார், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எடுக்கறதுக்கு இது இன்னா குப்பையா?" என்றார். "அவங்க களம் இது. களத்துல பண்டம் கெடந்தா எங்க சாமி சுத்திக்கினுதான் போவும். நீ நவுரு."

மேளக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேளம் எழுந்தது. எங்கள் ஊர்ப் பெருமாள் குடையோடு, படகுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, ஒரு வலையையும் மிதிக்காமல் கடலுக்குப் போனார். திரும்பி வரும்போது அக்கா அப்பாவுக்கு முதல் சொம்பு மோர் கொடுத்தார். எனக்குக் கொடுக்க மறந்துவிட்டார். நான் அதைக் கேட்கும் நிலையில் இல்லை, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

புதுப் படம் வந்தது. மஞ்சள் பூச ஒரு கை அகலம்கூட அதில் இல்லை. பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார், 'களம்' என்ற சொல்லின் மேல் மட்டும் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, வகை இல்லை என்று எழுதினார். நான் சொல்லை மாற்றவில்லை. வட்டத்தோடேயே பைண்டு பண்ணிக் கொடுத்தேன். திட்டம் செத்துப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இப்போதைக்குப் படுத்திருக்கிறது. எழுந்தால் அது அந்தக் குப்பத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கரை எப்பதான் காலியா இருக்கும்?"

"எங்க சாமிக்காக வருஷத்துல ஒரு நாள் காலி பண்ணுவாங்க சார்," என்றேன். "இப்ப எங்க சாமியே வேண்டாம்னு சொல்லிட்டார்."